மரத்தைப் பார்க்காமல் மாட்டிய படம்

நம் ஆவணக் காப்பகத்தின் மேல்மாடியில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் பாதி என் லாரியில் வந்தவை. மறுபாதியைக் கொண்டு வந்தவர்களுக்கு வழி சொன்னவனும் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நீங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, குளிர்சாதன அறையில் உட்கார வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். நான் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன். பதிமூன்று வயதில் மரம் வெட்டப் போனேன். பட்டணத்தில் பிறந்த உங்களில் சிலருக்கு இதையும் சொல்லிவிட வேண்டும்: எங்கள் பேச்சில் மரம் வெட்டுவது என்றால் மரத்தைச் சாய்ப்பதில்லை. ரப்பர் மரத்துப் பட்டையில் கத்தியால் கோடு போட்டுப் பால் எடுப்பது.

பிறகு லாரி ஓட்டினேன். பிறகு சொந்த லாரி வாங்கினேன். தோட்டங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்தவர்களின் கட்டிலையும் அலமாரியையும் ஈப்போவுக்கும் செமோருக்கும் ஏற்றி வந்தது என் லாரிதான். ஆட்கள் சாமானை ஏற்றுவார்கள், காகிதத்தை விட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடப் பதிவேடு, கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் போட்டோ, யூனியன் கூட்டத்துக் குறிப்பு, எல்லாம் தரையில் கிடக்கும். குப்பை என்று அவர்கள் சொன்னதை நான் பெட்டியில் போட்டு என் வீட்டுப் பின்கட்டில் அடுக்கினேன். ஏன் என்று கேட்டால் அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது. எழுத்து இருக்கும் காகிதத்தை மிதிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். பல்லி முட்டை, கரப்பான், என் மனைவியின் வசவு, எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் பெட்டிகள் பல வருஷம் கிடந்தன.

இந்தக் காப்பகத்தைத் தொடங்கிய டீச்சரை உங்களுக்குத் தெரியும். பெயரை எழுதினால் திட்டுவார், அதனால் டீச்சர் என்றே வைத்துக்கொள்கிறேன். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் யாரோ சொல்லி என் வீட்டுக்கு வந்தார். பின்கட்டில் கால் மணி நேரம் நின்றார். ஒரு பெட்டியைத் திறந்தார், மூடினார். அடுத்ததைத் திறந்தார்.

"நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க" என்றார்.

"எனக்குப் படிப்பு இல்ல டீச்சர்."

"படிச்சவங்க எங்கிட்ட நாலு பேரு இருக்காங்க. எதைத் தூக்கிட்டு வரணும்னு தெரிஞ்ச ஆள்தான் இல்ல."

மறுநாள் போனேன். பதினைந்து வருஷம் இருந்தேன். எரிக்கப் போன பதிவேட்டைத் தீப்பெட்டிக்காரன் கையிலிருந்து பிடுங்கியது, கூரை ஒழுகும் ஸ்டோருக்குள் இடுப்பளவு சாமானில் இறங்கி ஆல்பம் எடுத்தது என்று என்னிடம் கதை நிறைய இருக்கிறது. அதையெல்லாம் எழுதத்தான் நினைத்தேன். டீச்சர் விடவில்லை. "ஜெயிச்ச கதையெல்லாம் நீங்க தேத்தண்ணி குடிக்கும்போதே சொல்லிடுவீங்க. புதுசா வந்த பிள்ளைங்களுக்கு அந்தத் துணிக் கதையை எழுதிக் குடுங்க" என்றார்.

சரி, எழுதுகிறேன்.

நாம் நடத்திய முதல் கண்காட்சி அது. தோட்டத்துப் பெண்களின் உழைப்பைப் பற்றியது. அதற்கு ஒரு பெரிய படம் வேண்டும் என்று டீச்சர் சொன்னார். நடு மண்டபத்தில் உத்தரத்திலிருந்து துணியாகத் தொங்கவிட வேண்டும், உள்ளே வரும் எல்லோர் கண்ணும் முதலில் அதில்தான் விழ வேண்டும். எந்தப் படம் என்று யாரும் யோசிக்கும் முன்பே நான் எடுத்து நீட்டினேன்.

செமோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கராக, இருந்தவர் படம் எடுப்பதில் பைத்தியமாக இருந்தவர். அவர் இறந்த பிறகு மகள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து கொடுத்தார். உள்ளே நெகட்டிவ் சுருள்கள். ஒவ்வொரு சுருளோடும் ஒரு துண்டுக் காகிதம், யார் யார் என்று அழகாகத் தட்டச்சு செய்தது. அதில் ஒரு படம் பால்வெட்டுப் போட்டி. ஐந்து பெண்கள் ரப்பர் மரங்களுக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். நீளக்கைச் சட்டை, தலையைச் சுற்றித் துண்டு, கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரியும். ஒருத்தி கையில் வெற்றிக் கோப்பை. காகிதத்தில் "இடமிருந்து வலம்" என்று போட்டு ஐந்து பெயர்கள். யார் ஜெயித்தது என்று அதில் இல்லை. அது எதற்கு, கோப்பைதான் கையில் இருக்கிறதே.

நெகட்டிவை ஸ்கேனரில் வைத்துப் படமாக்கத் தெரிந்த பெண் ஒருத்தி அப்போது நம்மிடம் இருந்தாள். அவள் லீவில் போயிருந்தாள். திங்கட்கிழமை வருவாள். நான் காத்திருக்கவில்லை. லாரி எஞ்சினைக் கழற்றி மாட்டியவனுக்கு இந்தப் பெட்டி என்ன பெரிய விஷயம் என்று நானே வைத்தேன், நானே பொத்தானை அமுக்கினேன். படம் பளிச்சென்று வந்தது. ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எண்ணிப் பார்த்தேன். கோப்பை வைத்திருப்பவர் இடமிருந்து இரண்டாவது. காகிதத்தில் இரண்டாவது பெயர் பாப்பாத்தி.

ஐந்து பேரில் மூன்று பேர் காலமாகிவிட்டார்கள் என்று விசாரித்ததில் தெரிந்தது. பாப்பாத்தி அம்மா சிம்பாங் பூலாயில் மகள் வீட்டில் இருந்தார். எண்பது வயது. போன் போட்டேன்.

"கப்போட நிக்கிறேனா? நானா?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "ஆமாலா தம்பி. நான்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கனமான கப்பு, கை வலிச்சிச்சு."

காகிதம் சொல்கிறது, ஆளும் சொல்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? திறப்பு விழாவுக்கு அவரை அழைத்து மாலை போடலாம் என்று முடிவாயிற்று. துணி அச்சுக்குப் போனது. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: "பால்வெட்டுப் போட்டியில் முதல் பரிசு வென்ற பாப்பாத்தி, சக தொழிலாளர்களுடன்."

அந்த வாரமே அன்னம்மா வந்தார்.

செமோரிலிருந்து பஸ் ஏறி, நம் மாடிப்படியை ஒவ்வொன்றாக நின்று நின்று ஏறி வந்தார். கையில் குடை. சிறிய உருவம். காகிதத்தில் நாலாவது பெயர் அவருடையது.

"என் போட்டோ ஒன்னு இங்க இருக்குன்னு சர்ச்சுல பேசிக்கிட்டாங்க. பாக்கலாமா தம்பி?"

சிறிய பிரதி ஒன்றை மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கோப்பை வைத்திருந்தவர் மேல் விரலை வைத்தார்.

"இது நான்."

"இல்லம்மா, அது பாப்பாத்தி அம்மா. நீங்க நாலாவது. இந்தா, இவங்க."

நாலாவது பெண்ணை உற்றுப் பார்த்தார். "இவதான் பாப்பாத்தி."

"ரொம்ப வருசம் ஆச்சு. எல்லாரும் தலையில துண்டு கட்டியிருக்கீங்க. மாறித் தெரியும்."

"மூஞ்சி மாறித் தெரியும். கப்பு வாங்குனது மறக்குமாலா?"

நான் கிராணியின் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். விரல் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக் காட்டினேன். பாப்பாத்தி அம்மாவே போனில் ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். காகிதம் பொய் சொல்லாது என்றேன். நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற நான், படிக்கவே தெரியாத ஓர் அம்மாவிடம் காகிதத்தைக் காட்டி அடக்கினேன்.

அவர் சண்டை போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார். "என் பேரு ஐசி கார்டுல இருக்கு. நாளைக்குக் கல்லறையில போடுவாங்க. நடுவுல நானும் ஒன்னு செஞ்சேன்லா, அதுல இருக்கட்டுமேன்னு கேட்டேன். வேற ஒன்னும் இல்ல" என்றார்.

தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் மறுபடி வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒவ்வொரு முறையும் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார், "இது நான்தான்" என்பார், போவார். நம் ஆபீஸில் இது ஒரு வேடிக்கையாகிவிட்டது. நானும் சிரித்தேன்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பத்தரைக்கு டத்தோ, அதாவது அரசுப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர், ரிப்பன் வெட்ட வருவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. பழைய தோட்டத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டு தோளில் தட்டுகிறார்கள், "நீ ஆறாம் நம்பர் லயம்தானே" என்று கேட்கிறார்கள். உத்தரத்திலிருந்து துணி எட்டடிக்கு ஜம்மென்று தொங்குகிறது. முன்னால் இரண்டு விளக்குகள் அதன் மேல் அடிக்கின்றன. துணிக்குப் பின்னால் பலகாரமும் தேத்தண்ணியும் வைத்த நீள மேசை. நான் புது பத்திக் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கும் துணிக்கும் நடந்துகொண்டிருந்தேன். இதை யார் கண்டுபிடித்தது என்று யாராவது கேட்பார்களா என்றுதான் நடந்தேன்.

பாப்பாத்தி அம்மா ஒரு வேன் நிறைய ஆளோடு வந்தார். அரக்குப் பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. அவருக்குப் பின்னாலேயே அன்னம்மா அம்மா மகனோடு படியேறி வந்தார். வெள்ளைச் சேலை, அதே குடை. சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தோட்டம் விற்கப்பட்ட பிறகு சந்தித்ததே இல்லையாம்.

"ஏண்டி அன்னம்மா, இன்னும் உசுரோடதான் இருக்கியா?"

"உன்னை அனுப்பிட்டுத்தான் போவேன். என்னடி இது, பொண்ணு பாக்க வாராங்களா?"

"என் மவ கட்டிவிட்டா. நீ என்ன, நர்சு மாதிரி வெள்ளையில?"

"பூசை முடிச்சு நேரா வாரேன். என் போட்டோவைப் பாக்க."

"உன் போட்டோவா? பேரு யாரு பேரு போட்டிருக்கு, பாத்தியா?"

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. அதனால மூஞ்சியைப் பாத்துட்டுப் போறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டே துணியின் முன்னால் போய் நின்றார்கள். பாப்பாத்தி அம்மாவின் பேரப்பிள்ளைகள் கைப்பேசியைத் தூக்கினார்கள். பாட்டி அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் நில்லுங்கள், இன்னும் கொஞ்சம் தள்ளி, சிரியுங்கள் என்று ஒரே சத்தம். அவரும் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றார். படம் எவ்வளவு பெரிது என்று பார்க்கத் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி" என்று என்னைக் கூப்பிட்டார். "இந்த மரத்தை எவன் வெட்டுனது?"

"எந்த மரம்க்கா?"

"எங்களுக்குப் பின்னால நிக்கிற மரம். கோடு தப்பா ஓடுது பாருங்க. மங்கு இந்தப் பக்கம் தொங்குது."

மங்கு என்றால் பால் வடியும் கிண்ணம். நான் அவசரத்தில் இருந்தேன். டத்தோவின் கார் தஞ்சோங் ரம்புத்தான் சாலையைத் தாண்டிவிட்டதாக அப்போதுதான் போன் வந்திருந்தது. "பழைய போட்டோக்கா, அப்படித்தான் தெரியும்" என்றேன்.

"பழைய போட்டோன்னா மரம் மாறிப் போயிடுமாலா? இப்படி வெட்டியிருந்தா கங்காணி பெரட்டுல வச்சு மானத்தை வாங்கியிருப்பான்."

பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் கூட்டம். அங்கே திட்டு வாங்கினால் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். அன்னம்மா அம்மாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனார். "ஒரு மரம் இல்லடி. அஞ்சு மரமும் அப்படித்தான் இருக்கு" என்றார்.

பிள்ளைகளே, இதை நீங்கள் புத்தகத்தில் படித்திருக்க மாட்டீர்கள். மரத்துக்கு முன்னால் நிற்கும்போது, வெட்டுக்கோடு இடது பக்க உயரத்தில் தொடங்கி வலது பக்கம் சரிந்து இறங்கும். வலது பக்கத்து முனையில்தான் மங்கு இருக்கும். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அப்படித்தான். அப்படி வெட்டினால்தான் பால் நிறைய வரும் என்று சொல்லித்தான் முதல் நாளே கத்தியைக் கையில் கொடுப்பார்கள். நான் நாலு வருஷம், தினமும் முந்நூறு மரத்துக்கு மேல் அப்படி வெட்டியவன். என் வலது கை தானாக எழுந்து காற்றில் வெட்டிப் பார்த்தது. படத்தில் இருந்த கோட்டோடு போக முடியவில்லை. இடித்தது.

விளங்கிவிட்டது. நெகட்டிவுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். எந்தப் பக்கம் கீழே வைப்பது என்று நான் பார்க்கவே இல்லை. மாற்றி வைத்திருக்கிறேன். கண்ணாடியில் பார்ப்பதைப் போல இடது வலதாகி, வலது இடதாகிப் படம் வந்திருக்கிறது. மனிதர்கள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மனிதர்கள்தான். மரத்தை யாரும் பார்க்கவில்லை. மரம் வெட்டிப் பிழைத்த நானே பார்க்கவில்லை.

வேகமாகத் துணிக்குப் பின்பக்கம் போனேன். மெல்லிய துணி. முன்னால் விளக்கு அடித்ததால் படம் பின்பக்கமும் தெளிவாகத் தெரிந்தது. அங்கே ஐந்து மரத்திலும் கோடு சரியாக ஓடியது. ஐந்து மங்கும் சரியான இடத்தில் இருந்தன. இடமிருந்து எண்ணினேன். கோப்பை வைத்திருப்பவர் நாலாவது.

அன்னம்மா.

பலகார மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி நான் யோசித்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் உங்களுக்கும் அப்படி ஓர் ஐந்து நிமிஷம் வரும். மரம் தப்பு என்று மட்டும்தான் அவர்கள் இருவருக்கும் தெரியும். அதனால் பெயர் மாறுகிறது என்று இந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அச்சுக்காரன் செய்த தவறு என்று சொல்லிவிடலாம். விழா முடிந்த பிறகு மெதுவாகத் துணியை மாற்றலாம். பாப்பாத்தி அம்மா பட்டுச் சேலையோடு நிற்கிறார், வேன் நிறைய ஆள் வந்திருக்கிறது, மாலை தயாராக இருக்கிறது. இந்த நேரத்தில் சொன்னால் அவருக்கு அவமானம் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் கண்டுபிடித்துவிட்டேன். உண்மையில் எனக்கு அவமானம். அதை அவர் தலையில் வைத்தேன்.

டீச்சர் என்னைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தார். "டத்தோ கார் வந்துடுச்சு. இங்க என்ன பண்றீங்க?"

சொன்னேன். அவர் துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் டத்தோகிட்ட பேசறேன். நீங்க அந்த ரெண்டு பேர்கிட்ட பேசுங்க" என்றார்.

"விழா முடியட்டும் டீச்சர்."

"அந்தம்மா மூணு தடவை படியேறி வந்தாங்க. இன்னைக்கு நாலாவது. அஞ்சாவது தடவையும் ஏத்தப் போறீங்களா?"

அவ்வளவுதான் சொன்னார். வாசலுக்குப் போய்விட்டார்.

நான் முன்பக்கம் வந்து இரண்டு அம்மாக்களையும் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போனேன். பலகாரம் தரப்போகிறேன் என்று நினைத்து இருவரும் சந்தோஷமாக வந்தார்கள். மூன்று பேரும் துணியைப் பார்த்து நின்றோம்.

"இப்ப மரம் சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"இப்ப பெத்துல்" என்றார் பாப்பாத்தி அம்மா, மலாயில் சரி என்பதை அப்படித்தான் சொல்வார். "அப்ப முன்னால ஏன் அப்படி இருக்கு?"

"நான் படத்தைத் திருப்பிப் போட்டுட்டேன். அச்சுக்காரன் இல்ல, நான்தான். மரம் மட்டும் திரும்பல அக்கா, ஆளுங்களும் திரும்பிட்டாங்க. கப்போட நிக்கிறது அன்னம்மா அக்கா. நீங்க இந்தப் பக்கம், இடமிருந்து ரெண்டாவது."

பாப்பாத்தி அம்மா துணிக்குக் கிட்டப் போனார். அந்த இரண்டாவது பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்கு அந்தப் பக்கம் அறுபது எழுபது பேர் சிரித்துப் பேசும் சத்தம். இந்தப் பக்கம் தேத்தண்ணிப் பானை கொதிக்கும் சத்தம்.

"அப்ப எனக்கு எப்படி ஞாபகம் இருக்கு?" என்று கேட்டார் பாப்பாத்தி அம்மா. குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். "அந்தக் கப்பைக் கையில பிடிச்சேன். பொய் சொல்லல தம்பி. கனம்கூட இன்னும் இருக்கு."

"பிடிச்சதானே" என்றார் அன்னம்மா அம்மா. "எனக்குப் பால் கட்டிக்கிச்சு. புள்ளை ஆயாக்கொட்டாய்ல அழுதுகிட்டு இருந்தான். கப்பை உன் கையில திணிச்சிட்டு ஓடுனேன். நீதான் லயத்துக்குத் தூக்கிட்டு வந்த. சனமெல்லாம் உன்னைத்தான் பாத்திச்சு. நான் வந்து சேர்றதுக்குள்ள உனக்குக் கை தட்டி முடிச்சிட்டாங்க."

வேலை நேரத்தில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைதான் ஆயாக்கொட்டாய். அங்கே அழுத அந்தப் பிள்ளை, இப்போது அறுபதை எட்டும் மகன், பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாப்பாத்தி அம்மா அவரைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். பூ குலுங்க, தோள் குலுங்க, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடிப்பாவி, இத்தனை வருசமா உன் கப்பை நான் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். கை வலிக்காம என்ன செய்யும்?"

"நானா தூக்கச் சொன்னேன்? திருப்பிக் கேட்டேன், தம்பி தர மாட்டேன்னுட்டாரு."

என்னைக் காட்டித்தான் சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. பாப்பாத்தி அம்மா துணியை விலக்கி முன்பக்கம் தலையை நீட்டினார். "எல்லாரும் இங்க வாங்க. அந்தப் பக்கம் நிக்காதீங்க, அது தப்பு. பின்னால வாங்க, இங்கதான் பலகாரமும் இருக்கு" என்று தன் குடும்பத்தைக் கூப்பிட்டார். குடும்பம் மட்டும் வரவில்லை. மண்டபமே வந்தது. துணிக்கும் மேசைக்கும் நடுவில் பத்துப் பேர் நிற்கக்கூடிய இடத்தில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். டீச்சர் டத்தோவையும் அங்கேயே கூட்டி வந்தார். ரிப்பன் வெட்ட வந்த மனிதர், கையில் கத்தரியோடு பலகார மேசையில் இடித்துக்கொண்டு நின்றார்.

நான் பேசினேன். முதலில் தமிழில், பிறகு எனக்குத் தெரிந்த லாரிக்கார மலாயில். தவறு என்னுடையது என்று சொன்னேன். இந்த அம்மா மூன்று முறை வந்து சொன்னார், நான் நம்பவில்லை என்றும் சொன்னேன். பிள்ளைகளே, நீங்கள் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரு படத்தைப் பற்றி யாராவது படியேறி வந்து சொன்னால், காகிதத்தை எடுக்கும் முன் அந்த ஆளிடம் படத்தை விட்டுவிடுங்கள். அவர் பார்க்க வேண்டியதை அவர் பார்ப்பார். பெரிய படத்தையும் அவருக்குக் காட்டுங்கள். நான் அன்னம்மா அம்மாவுக்கு உள்ளங்கை அளவுப் பிரதியைத்தான் காட்டினேன். அதில் மரமே தெரியவில்லை. முதல் நாளே படத்தைப் பெரிதாக்கிக் காட்டியிருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். தவறு தெரிந்தால், சம்பந்தப்பட்டவர் கண்முன் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். அவர் வீட்டுக்குப் போன பிறகு கடிதம் எழுதுவது அச்சுப் பிழைக்குச் சரி.

டத்தோ கேட்டுவிட்டு, யார் அந்த அம்மா என்று மலாயில் கேட்டார். பாப்பாத்தி அம்மா அன்னம்மா அம்மாவின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். மாலை வந்தது. டத்தோ கையால் அன்னம்மா அம்மாவுக்குப் போட்டார். அவர் அதைக் கழற்றிப் பாதியைப் பாப்பாத்தி அம்மாவின் கழுத்திலும் சுற்றினார். ஒரு மாலையில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டு நடக்க முடியாமல் தவித்தார்கள். கைப்பேசிகள் எல்லாம் உயர்ந்தன.

"புது துணி அடிச்சு உங்க பேரைப் பெருசாப் போடுறோம்க்கா. ரெண்டு வாரத்துல வந்துடும்" என்றேன்.

"ரெண்டு வாரம் இருப்பேனா தெரியாது" என்றார் அன்னம்மா அம்மா. "பேனா இருந்தா குடுங்க."

மகனே திடுக்கிட்டார். "அம்மா, உனக்கு எழுதத் தெரியாதே."

"என் பேரு தெரியும்டா. ஞானஸ்நானம் குடுத்த சிஸ்டர் சொல்லிக் குடுத்தாங்க. எழுதத்தான் எடம் கிடைக்கல."

டீச்சர் கைப்பையிலிருந்து தடிமனான மார்க்கர் பேனாவை எடுத்துக் கொடுத்தார். அதன் மூடியை டத்தோ வாங்கி வைத்துக்கொண்டார். அன்னம்மா அம்மா கோப்பையோடு நின்ற தன் உருவத்தின் காலடியில் பேனாவை வைத்தார். தொங்கும் துணி பேனாவோடு சேர்ந்து உள்வாங்கியது. எழுத முடியவில்லை. பலகை ஏதாவது கொண்டு வாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. துணியைச் சுற்றி முன்பக்கம் ஓடினேன். அங்கே ஒருவரும் இல்லை. காலி மண்டபம், இரண்டு விளக்கு, தப்பான படம். பேனா முனை புடைத்துக்கொண்டிருந்த இடத்தில் என் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்து அழுத்திப் பிடித்தேன்.

"இப்ப எழுதுங்கக்கா."

பேனா நகர்ந்தது. துணி வழியாக என் உள்ளங்கையில் அது ஊர்வது தெரிந்தது. முதல் எழுத்துக்கே நெடு நேரம் எடுத்தார். எழுத்து நகர நகர நானும் கையை நகர்த்தினேன்.

"சீக்கிரம் எழுதேண்டி, டத்தோ நிக்கிறாரு" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள்.

"அவசரப்படுத்தாதீங்க" என்றார் பாப்பாத்தி அம்மா. "அன்னைக்கும் இவ இப்படித்தான். எங்க எல்லாருக்கும் பின்னாலதான் முடிச்சா. ஆனா பட்டையில ஒரு காயம் இருக்காது, ஒரு சொட்டுப் பால் கீழ போகாது. அதான் இவளுக்குக் குடுத்தாங்க."

சத்தம் அடங்கியது. ன் வந்தது, மேலே ஒரு புள்ளி குத்தியது. அடுத்த ன வந்தது. மை ஊறி என் கையில் ஈரமாக ஒட்டியது. தோள் வலித்தது. கடைசி எழுத்தும் முடிந்துவிட்டது என்று நினைத்து மெல்லக் கையைத் தளர்த்தினேன்.

"எடுத்துடாதீங்க தம்பி" என்று துணிக்கு அந்தப் பக்கமிருந்து அன்னம்மா அம்மாவின் குரல் கேட்டது. "மாவுக்கு இன்னும் கால் போடணும்."

நான் எடுக்கவில்லை.